அவரைப் பார்த்து எதற்குப் பயப்பட வேண்டும்?

வண்டி பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோதுதான் நான் அந்தக் கதையைத் தொடங்கினேன். வேண்டுமென்றேதான். நள்ளிரவு தாண்டியிருந்தது. கீழே ஆறு இருப்பதே தெரியாத இருட்டு. வேனுக்குள் ஏழு பேர், பாதித் தூக்கத்தில். இப்படியொரு நேரத்துக்காகவே பல வருடங்களாகப் பாலத்துப் பேய்க்கதைகளைச் சேர்த்து வைத்திருந்தவன் நான். ஸ்காட்லாந்தில் டே ஆற்றின்மேல் ஒரு ரயில் பாலம். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 28 அன்று இரவு ஏழேகால் மணி வாக்கில், இப்போது அங்கே இல்லாத பழைய பாலத்தின் மீது ஒரு ரயிலின் விளக்குகள் ஊர்ந்து வரும். நடு ஆறுவரை வரும். அப்புறம் ஒவ்வொன்றாக அணையும். காற்றில் அலறல் கேட்கும். குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பின் இருக்கையில் யாரோ "போதும்ப்பா, நிறுத்து" என்றார்கள். இன்னொருவர் ஜன்னலைச் சாத்தினார். எனக்கு உள்ளூர ஒரே திருப்தி.

பாலம் முடிந்து சாலை வளைந்த பிறகு, அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத ஓட்டுநர் கேட்டார். "சார், நீங்க சொன்ன ரயில்ல இருந்தவங்க எல்லாம் டிக்கெட் எடுத்துட்டு வீட்டுக்குப் போனவங்கதானே?"

"ஆமா."

"அப்ப அவங்களப் பாத்து எதுக்கு சார் பயப்படணும்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. சண்டைக்கும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "கதைதானே அண்ணே" என்று மழுப்பினேன். அவரும் "சரிங்க சார்" என்று விட்டுவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் சேர்த்து வைத்திருந்த கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பேயை ஓரமாக வைத்துவிட்டு, அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று படிக்கத் தொடங்கினேன். இத்தனை வருடம் அதைச் செய்யாமல் இருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

ஏழேகால் மணிக்கு நடந்தது

டே பாலம் 1878 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. கிட்டத்தட்ட இரண்டு மைல் நீளம். அதை வடிவமைத்த தாமஸ் பௌச்சுக்கு அடுத்த வருடமே விக்டோரியா அரசி சர் பட்டம் கொடுத்தார். அந்தப் பட்டம் கிடைத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. பெரும் புயல். மாலை ரயில் டண்டி நகரை நோக்கிப் பாலத்தில் ஏறியது. நடுவில் கப்பல் போவதற்காக உயர்த்திக் கட்டியிருந்த பகுதிக்கு வந்தபோது, அந்தப் பகுதியின் பதின்மூன்று கண்களும் ரயிலோடு சேர்ந்து ஆற்றில் விழுந்தன. ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தவர்கள் 75 பேர் என்று முதலில் சொன்னார்கள். பிறகு ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் 59 பேர்தான் உறுதியாயிற்று. அதில் 46 பேரின் உடல்கள்தான் கிடைத்தன.

நான் சொல்லி வந்த கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். ரயில் விழுந்தது, ஆவியாக வந்தது, அவ்வளவுதான். விசாரணை அறிக்கையின் சுருக்கத்தைப் படித்தபோதுதான் கதையின் பெரும்பகுதியை நான் தொடவே இல்லை என்று தெரிந்தது. பாலத்தைத் தாங்கியவை வார்ப்பிரும்புத் தூண்கள். வார்க்கும்போது சில தூண்களில் காற்றுக் குமிழ் விழுந்து ஓட்டை ஏற்பட்டது. அந்தத் தூண்களை ஒதுக்கிப் போடாமல், தேன்மெழுகு, பிசின், இரும்புத்தூள், புகைக்கரி எல்லாம் சேர்த்து உருக்கிய ஒரு கலவையால் ஓட்டையை அடைத்து, தேய்த்து, நல்ல தூணைப் போலாக்கி அனுப்பினார்கள். பார்த்தால் இரும்பு, உள்ளே மெழுகு. தூண்களை இழுத்துப் பிடிக்கும் குறுக்குப் பட்டைகள் தளர்ந்து கடகடவென்று ஆடுவதை 1878லேயே பராமரிப்பாளர் கண்டுபிடித்தார். அவருக்குப் பழக்கம் செங்கல் வேலையில், இரும்பில் இல்லை. மேலிடத்துக்குத் தெரிவிக்காமல், நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் இரும்புத் துண்டுகளைச் செருகி ஆட்டத்தை நிறுத்தினார். ரயில் போகும்போது பாலம் ஆடுகிறது என்று அங்கே வண்ணம் பூசிய தொழிலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பாலம் விழுந்த பிறகுதான் கேட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது ஒரு சின்ன விவரம். பாலத்தைத் திறப்பதற்கு முன்னால் அரசு ஆய்வாளர் மூன்று நாள் சோதனை செய்தார். கனமான எஞ்சின்களை ஓட்டிப் பார்த்து, சரி என்று எழுதினார். கூடவே, பலத்த காற்று வீசும்போது ரயில் போனால் எப்படி இருக்கிறது என்பதை மறுமுறை வரும்போது பார்க்க விரும்புவதாகவும் குறித்து வைத்தார். அந்த மறுமுறை வரவே இல்லை. காற்றின் அழுத்தத்துக்கென்று தனியாக எதுவும் கணக்கில் சேர்க்கவில்லை என்று பௌச் விசாரணையில் ஒப்புக்கொண்டார். தவறாக வடிவமைத்து, தவறாகக் கட்டி, தவறாகப் பராமரித்தார்கள் என்பதுதான் தீர்ப்பு. விபத்து நடந்து பத்து மாதத்தில் பௌச் இறந்துபோனார்.

ஆற்றுக்குள் விழுந்த எஞ்சினைத் தேடி எடுத்தார்கள். பழுது பார்த்து மறுபடி ஓட்டினார்கள். ரயில்வேக்காரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'முக்குளிப்பான்'. 1887ல் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்த பிறகும், அந்த எஞ்சினை அந்தப் பாலத்தில் ஓட்ட ஓட்டுநர்கள் மறுத்தார்கள். கடைசியில் 1908 டிசம்பர் 28 அன்று, அதே மாலை ரயிலை இழுத்துக்கொண்டு அது ஆற்றைக் கடந்தது என்கிறார்கள். பழைய பாலத்தின் தூண் அடிகள் இன்றும் புதிய பாலத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நீருக்கு மேலே தலைகாட்டுகின்றன. விழாமல் தப்பிய பழைய இரும்பு உத்திரங்களில் சிலவற்றைப் புதிய பாலத்தில் சேர்த்தும் விட்டார்கள். இவ்வளவு நிஜம் கண்முன்னே கிடக்கும்போது, நான் எதற்காக விளக்குகளையும் அலறலையும் மட்டும் பொறுக்கி எடுத்து வைத்திருந்தேன்?

வெள்ளை உடை

இன்னொரு வகைக் கதையும் என் சேமிப்பில் நிறைய இருந்தது. பாலத்தில் ஒரு பெண் நிற்பாள். வெள்ளை உடை. காதலன் வரவில்லை என்று உயிரை விட்டவள், அல்லது குழந்தையை ஆற்றில் பறிகொடுத்தவள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஸ்டோ என்ற ஊரில் 1844ல் கட்டிய ஒரு மரக்கூரைப் பாலம் இருக்கிறது. அங்கே நிற்பவள் பெயர் எமிலி. அப்படி ஒருத்தி வாழ்ந்ததற்கோ அங்கே இறந்ததற்கோ எந்தப் பதிவும் கிடையாது. குழந்தை அழும் பாலம் என்று அந்த நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் சொல்கிறார்கள். கதை ஒன்றேதான், ஆற்றின் பெயர்தான் மாறுகிறது. வர்ஜீனியாவில் ரயில் பாதைக்கு அடியில் ஒரு சின்னச் சுரங்கப் பாலம். 1904ல் மனநலக் காப்பகத்திலிருந்து தப்பிய ஒருவன் முயல்களைக் கொன்று அங்கே தொங்கவிட்டான், பிறகு மனிதர்களையும் கொன்றான் என்பது கதை. உள்ளூர் நூலகத்தின் வரலாற்றாய்வாளர் ஒருவர் தேடிப் பார்த்தபோது, அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு காப்பகமே இருந்ததில்லை என்று தெரிந்தது. உண்மையில் நடந்தது 1970 அக்டோபரில். முயல் வேடம் போட்ட ஒருவன் கோடரியோடு வந்து இரண்டு இடங்களில் ஆட்களை மிரட்டினான். ஒருவரும் சாகவில்லை.

இப்படிப்பட்ட கதைகளைப் பொய் என்று தூக்கிப் போடுவது சுலபம். எனக்குப் பட்டது வேறு. நிஜமான பாலத்துச் சாவுகளில் செத்தவர்கள் பெரும்பாலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள், அடுத்தவர் செய்த தவறால் செத்தார்கள். கதையில் வருகிறவளோ தனியாள், தன் துயரத்தால் தானே செத்தவள். அவளுக்காக எந்த விசாரணையும் தேவையில்லை. எந்த அலுவலகத்திலும் எந்தக் காகிதத்தையும் தேட வேண்டாம். அவள் கதையில் குற்றவாளி என்று ஒருவர் இருந்தால் அது வராமல் போன காதலன், அவனுக்கும் பெயர் கிடையாது. பிறகு இன்னொன்றும் நடக்கிறது. இறந்தவளே நம்மை விரட்டுகிறவள் ஆகிவிடுகிறாள். அநியாயம் யாருக்கு நடந்ததோ, அவரையே கண்டு ஓட வேண்டியவராகக் கதை மாற்றிவிடுகிறது. ஓட்டுநர் கேட்டது இதைத்தான் என்று எனக்குப் புரிய இரண்டு மூன்று வாரம் ஆயிற்று.

மேற்கு வர்ஜீனியாவின் பாயின்ட் பிளசன்ட் ஊரில் பேய்க்குப் பதிலாக ஒரு விசித்திரப் பிராணி. சிவந்த கண்களும் இறக்கைகளும் கொண்ட, ஆள் உயர அந்துப்பூச்சி மனிதன். 1966 நவம்பரில் தொடங்கி ஒரு வருடம் பலர் அதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 1967 டிசம்பர் 15 மாலை, கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்து நெரிசலில், ஒஹாயோ ஆற்றின் மீதிருந்த சில்வர் பாலம் வண்டிகளோடு விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். அந்தப் பிராணி அபசகுனமாக வந்தது என்றார்கள் சிலர், அதுவே தள்ளிவிட்டது என்றார்கள் சிலர். விசாரணையில் தெரியவந்தது இதுதான்: பாலத்தைத் தாங்கிய சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே இரும்புப் பட்டைகள். அதில் ஒரு பட்டையின் துளை ஓரத்தில் இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு விரிசல். இணைப்பைக் கழற்றாமல் கண்ணுக்குத் தெரியாத இடம். 1928லிருந்து துருவும் பளுவும் சேர்ந்து அதை மெல்ல மெல்ல வளர்த்தன. ஒரு பட்டை அறுந்தது, ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அதன் பிறகுதான் அமெரிக்காவில் நாடு முழுக்கப் பாலங்களைக் குறித்த கால இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்ற விதி வந்தது. இன்று அந்த ஊரில் அந்துப்பூச்சி மனிதனுக்கு 2003ல் வைத்த பளபளப்பான சிலை இருக்கிறது, வருடாவருடம் திருவிழா நடக்கிறது. இறந்தவர்களுக்கும் நினைவிடம் உண்டு. ஆனால் ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடிப் போவது எதை என்று நான் சொல்லத் தேவையில்லை. நானே போயிருந்தாலும் சிலையிடம்தான் போயிருப்பேன்.

காத்திருந்தவர்கள்

என்னை உலுக்கிப் போட்டது வட கரோலினாவின் ஸ்டேட்ஸ்வில் அருகே உள்ள போஸ்டியன் பாலம். 1891 ஆகஸ்ட் 27 பின்னிரவில், ஒரு பயணிகள் ரயில் அந்தக் கல் பாலத்திலிருந்து தடம் புரண்டு, அறுபதடி ஆழத்தில் ஓடையில் விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யாரோ தண்டவாள ஆணிகளைப் பிடுங்கியிருந்தார்கள் என்று தெரிந்து, சில வருடங்களுக்குப் பிறகு இருவர் தண்டிக்கப்பட்டார்கள். வழக்கம்போல, அதே தேதியில் அதே நேரத்தில் ரயில் சத்தமும் அலறலும் கேட்கும் என்ற கதை பரவியது. நானும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

2010 ஆகஸ்ட் 27 பின்னிரவில், பத்துப் பன்னிரண்டு பேர் அந்தப் பேய் ரயிலைப் பார்க்கப் பாலத்தின் மேலேயே போய் நின்றார்கள். ரயில் வந்தது. நிஜ ரயில். எல்லோரும் ஓடினார்கள். 29 வயது இளைஞர் ஒருவர் அடிபட்டு இறந்தார். பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டு அவர் காப்பாற்றினார் என்று அப்போது செய்திகளில் வந்தது.

அந்தச் செய்தியைப் படித்த அன்று மற்ற வேலை எதுவும் ஓடவில்லை. அவரை அங்கே கூட்டிப்போய் நிறுத்தியது ஒரு கதை. நான் குரலைத் தாழ்த்திச் சொன்னது போலவே யாரோ சொல்லியிருப்பார்கள், கேட்டவர்களுக்கு ஆசை வந்திருக்கும். அந்தப் பாதையில் இன்னும் ரயில் ஓடுகிறது என்ற சாதாரண உண்மை, கதையின் இருட்டில் மறைந்துபோயிருக்கும்.

சரி, ஒரு கதை ஒரு உயிரை வாங்கியது என்று அதோடு விட்டுவிடலாம் என்றால், அதைவிட மோசமான ஒன்று சமீபத்தில்தான் நடந்தது. பங்களாதேஷில் பத்மா ஆற்றின் மேல் 6.15 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2019ல் ஒரு வதந்தி கிளம்பியது. பாலம் நிற்க மனிதத் தலைகள் வேண்டுமாம், அதற்காகக் குழந்தைகளைப் பிடிக்க ஆட்கள் அலைகிறார்களாம். பொய் என்று அரசும் பாலம் கட்டியவர்களும் அறிவித்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. ஜூலை மாதத்தில் மட்டும் குறைந்தது எட்டுப் பேரைக் கும்பல்கள் அடித்தே கொன்றன. டாக்காவில் கொல்லப்பட்ட ஒருவர், தன் பிள்ளையைச் சேர்ப்பது பற்றி விசாரிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரு தாய்.

பாலத்துக்கு நரபலி என்ற நம்பிக்கை ஒரு நாட்டுக்கு உரியதல்ல. ஜப்பானில் மட்சுவே என்ற ஊரின் பெரிய பாலம் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. ஆற்றின் அடி எத்தனை கல் போட்டாலும் வாங்கிக்கொண்டே இருந்ததால், கென்சுகே என்ற ஒருவரை நடுத்தூணின் கீழ் உயிரோடு புதைத்தார்கள் என்பது கதை. முந்நூறு ஆண்டுகள் அந்தத் தூணுக்கு அவர் பெயர். நிலா இல்லாத இரவுகளில் அதைச் சுற்றிச் செந்தீ அலையும் என்றார்கள். 1890ல் அந்த ஊருக்கு ஆசிரியராகப் போன லாஃப்காடியோ ஹெர்ன் இதை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் புதுப்பாலம் வந்தபோது மறுபடியும் ஆள் பிடிப்பார்கள் என்று பயந்து, சுற்றுவட்டாரத்து மக்கள் ஊருக்குள் வரவே தயங்கினார்களாம். 1930களில் அதை மீண்டும் கட்டியபோது ஒரு பொறியாளர் வேலையில் இறந்தார். இப்போது அந்தப் பாலத்தருகே இரண்டு பேருக்கும் நினைவுக்கற்கள் உண்டு, புதைக்கப்பட்டதாகச் சொல்லும் கென்சுகேவுக்கும், வேலையில் இறந்த பொறியாளருக்கும்.

இந்த நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒரு வார்த்தையில் முடிக்க என்னால் முடியவில்லை. ஏனென்றால் பாலம் ஆளைக் கேட்கிறது என்பது பொய்யல்ல. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின் வேலையில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கனடாவின் கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டும்போதே சரிந்து 75 தொழிலாளர்களைக் கொன்றது. அதில் 33 பேர் கானவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர். ஒரு சின்ன ஊரில் ஒரே மாலையில் முப்பத்து மூன்று சாவுகள். இரும்பு வளைவது பல நாட்களாகக் கண்ணுக்குத் தெரிந்தது. பாலத்தின் சொந்த எடையைக் குறைவாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள். மேலும் பளு ஏற்றாதீர்கள் என்று நியூயார்க்கிலிருந்து ஆலோசனைப் பொறியாளர் அனுப்பிய தந்தி, வேலை நடக்கும் இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. ஆக, பலி கேட்பது ஆற்று தேவதை இல்லை. மெழுகு அடைத்த தூணும், போய்ச் சேராத தந்தியும், காற்றுக்குக் கணக்குப் போடாத காகிதமும்தான் கேட்கின்றன. ஏழைகளுக்கு அந்தக் காகிதத்தை யாரும் காட்டுவதில்லை. பாலம் எழும்போதெல்லாம் ஆட்கள் திரும்பி வராமல் போவது மட்டும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வைத்து அவர்கள் ஒரு காரணம் சொன்னார்கள். கொடுமை என்னவென்றால், அந்தக் காரணம் எப்போதும் அப்பாவி ஒருவரின் தலையில்தான் விடிகிறது.

திரும்பவும் அந்த ஓட்டுநர்

சில மாதங்கள் கழித்து இன்னொரு பயணம். அவரையே வரச் சொன்னேன். இந்த முறை நான் மட்டும்தான், முன் இருக்கையில். டீசல் போட நிறுத்தியபோது, "அண்ணே, அன்னைக்கு நீங்க கேட்டீங்களே, நான் அதப் பத்தித்தான் படிச்சிட்டு இருக்கேன்" என்றேன். அவருக்கு நினைவிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வண்டி மறுபடி சாலைக்கு வந்த பிறகு, கண்ணைப் பாதையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்க அப்பா பாலத்து வேலையிலதான் சார் போனாரு. சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் போட்டுட்டு இருக்கும்போது சாரம் அப்படியே உக்காந்துருச்சு. அவரோட இன்னும் மூணு பேரு. எனக்கு அப்ப ஒம்போது வயசு. இப்ப அந்தப் பாலத்துல ராத்திரி பேய் நடமாடுதுங்கறாங்க. அதுவும் பொம்பளப் பேயாம், வெள்ளைச் சேலையாம். நாலு ஆம்பளைங்க செத்த இடத்துல பொம்பள எங்கிருந்து சார் வந்தா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"நான் நம்பல. ஆனா லைசென்ஸ் எடுத்த புதுசுல, ராத்திரி அந்தப் பக்கம் போனா வண்டிய ஓரமா நிறுத்துவேன். லைட்ட அணைச்சிட்டு இருப்பேன். அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். பேய்னு ஒண்ணு வந்தா அது எங்க அப்பாவா இருக்கட்டுமேன்னுதான். ஒரு தடவையும் வரல சார்."

நான் பல வருடங்களாகச் சொல்லி வந்த அத்தனை கதைகளிலும், பாலத்தில் வண்டியை நிறுத்துகிறவன் பயந்து ஓடுவான், அல்லது செத்துப்போவான். பேய் வராதா என்று விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு மகன் அந்தக் கதைகளில் வருவதே இல்லை. கதை கேட்பவர்கள் எப்போதும் வண்டிக்குள் இருக்கிறார்கள். இறந்தவரின் வீட்டிலிருந்து யாரும் அந்த வண்டியில் இல்லை என்று நினைத்துத்தான் நாம் சொல்கிறோம். அன்று இரவு, எனக்கு இரண்டடி முன்னால், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இருந்தார்.

இனிமேல் இப்படிக் கதைகளைச் சொல்வதில்லை என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் அதை ஒப்புக்கொள்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ தலையை ஆட்டினார்.

"அப்படி இல்ல சார். அந்தப் பாலத்துல கல்வெட்டு இருக்கு. திறந்து வச்சவரு பேரு இருக்கு, காண்ட்ராக்ட் எடுத்தவங்க பேரு இருக்கு, தேதி இருக்கு. எங்க அப்பாவப் பத்தி அங்க இருக்கறது அந்தப் பேய்க்கதை ஒண்ணுதான். அதயும் எடுத்துட்டா அங்க ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிரும்ல?"

அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. இதுவரை பேய்க்கதைதான் உண்மையை மறைக்கிறது என்று நான் ஒரே பக்கமாக யோசித்துக்கொண்டிருந்தேன். கல்வெட்டில் இடம் கிடைக்காதவர்களுக்கு ஊர் வாய்மொழியாகப் பொறித்து வைத்த கல்வெட்டு அது. என்ன, எழுதியதில் எல்லாம் தப்பு. ஆளும் தப்பு, உடையும் தப்பு, காரணமும் தப்பு. ஆனாலும் இந்த இடத்தில் ஏதோ சரியில்லாமல் நடந்தது, கடக்கும்போது கொஞ்சம் மெதுவாகப் போ என்பது மட்டும் அதில் அழியாமல் இருக்கிறது. டே ஆற்றங்கரையில் இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி நினைவுச் சின்னம் வைத்தது 2013ல், 134 ஆண்டுகள் கழித்து. ஆற்றின் இரண்டு கரைகளிலும் ஒவ்வொன்று, 59 பெயர்கள். அந்த 134 ஆண்டுகளும் அவர்களைப் பற்றி இரவில் பேச வைத்ததில் ஊர்ந்து வரும் விளக்குகளின் கதைக்கும் பங்கு இருந்திருக்கும். அதை நான் மறுக்க விரும்பவில்லை.

அதனால் இப்போதும் யாராவது கேட்டால் டே பாலத்தைப் பற்றிச் சொல்கிறேன். விளக்குகளில் தொடங்குகிறேன், கேட்பவர்கள் கேட்பார்கள் என்பதற்காக. அப்புறம் மெழுகைச் சொல்கிறேன். வண்ணம் பூசியவர்களைச் சொல்கிறேன். காற்றடிக்கும் நாளில் திரும்பி வந்து பார்க்க நினைத்த அந்த ஆய்வாளரைச் சொல்கிறேன். யாரும் ஜன்னலைச் சாத்துவதில்லை. ஆனால் கேள்வி கேட்கிறார்கள். நாம் தினமும் போகும் பாலத்தை யார் சோதிக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். இத்தனை வருடத்தில் என் பேய்க்கதையைக் கேட்ட ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

அன்று இறங்குவதற்கு முன்னால் ஓட்டுநரிடம் அந்த நான்கு பேரின் பெயர்களைக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, அப்பாவின் பெயரை முதலில் சொன்னார், இனிஷியலோடு. அப்புறம் இன்னும் இரண்டு பெயர்கள். நாலாவது ஆளின் பெயர் அவருக்குச் சட்டென்று வரவில்லை. ஊர் தெரிகிறது, முகம்கூட லேசாக ஞாபகம் இருக்கிறது, பேர்தான் வரவில்லை என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு போன் அடித்தது. "சார், அம்மாட்ட கேட்டேன்" என்றார். நாலாவது பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.